வகுப்பை விட்டு வெளியே வந்தவர்கள்: பள்ளிப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணிக்கு நேர்காணல். ஐந்தாவதாக வந்த தம்பிக்கு 27 வயது. எம்.எஸ்சி., பி.எட்., பேச்சில் தடுமாற்றமே இல்லை. பயோடேட்டாவின் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் 'அகாடமிக் கோஆர்டினேட்டர், 2 ஆண்டுகள்'. இப்போது எந்தெந்த வகுப்புக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"இப்ப கிளாஸ் எடுக்கறதில்லைங்க மேம். மானிட்டரிங் மட்டும்தான்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை. இதையே, இதே பெருமையோடு, 2012இல் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அதனால் எனக்குப் போனது ஆறேழு வருடம்.

அன்று அவருக்குச் சொன்னதையும் நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நேரத்துக்கு வா, பாடக்குறிப்பு எழுது, பிள்ளைகளை அடிக்காதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அதுகூடத் தெரியாமல் இந்த வேலைக்கு வருகிறவர்களை என்னால் திருத்த முடியாது. பட்டம் வாங்கி, பள்ளிக்குள் நுழைந்து, என்றாவது ஒருநாள் தலைமை ஆசிரியராகவோ முதல்வராகவோ ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் விழுகிற குழிகள் வேறு.

## பி.எட். வெறும் சான்றிதழ்தானே என்று நினைப்பது

நான் படித்தபோது பி.எட். ஒரே வருடம். 2015இலிருந்து இரண்டு வருடம் ஆக்கிவிட்டார்கள். அதில் பெரிய மாற்றம், பயிற்சிக்காகப் பள்ளியில் இருக்கிற காலம் 20 வாரமானது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் "நீங்க வரவே வேண்டாம், ஃபீஸை மட்டும் கட்டுங்க" என்று சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி மாணவர்களை இலவச ஆளாகப் பார்த்து, ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் அனுப்பிவைக்கிற பள்ளிகளும் குறைவில்லை. எங்கள் பள்ளியிலும் அது நடந்திருக்கிறது, மறைக்கவில்லை.

பயிற்சிக்கு வந்த ஒரு பெண் மட்டும் முதல் வாரமே என்னிடம் வந்து, "ஏழாம் வகுப்புல ஒரு யூனிட்டை முழுசா எனக்கே குடுங்க மேம், டெஸ்ட்டும் நானே வைக்கிறேன்" என்று கேட்டாள். பின்னங்கள் பாடத்தைக் கொடுத்தேன். விடைத்தாள் திருத்தியபோது பதினோரு பிள்ளைகள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிட்டார்கள். அவள் தப்பு போட்டுவிட்டு நகரவில்லை. மறுநாள் ஒரு முழுத் தாளைக் கொண்டுவந்து, மடித்துக் கிழித்து, "பாதித் தாள் இருக்கு, இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன், பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. 20 வாரத்தில் கற்க வேண்டியது இதுதான். அவள் இப்போது எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.

## எந்தத் தேர்வு எதற்கு என்று தெரியாமல் படிப்பது

"டெட் பாஸ் பண்ணிட்டேன், போஸ்டிங் எப்ப வரும்?" வருடத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அதை மட்டும் வைத்து வராது. ஆசிரியர் தகுதித் தேர்வு பெயரில் உள்ளபடி தகுதியைத்தான் தரும். 150க்கு 90 எடுக்க வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு போதும். தாள் 1 எழுதினால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, தாள் 2 எழுதினால் ஆறு முதல் எட்டு வரை. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல்முறை நடந்தபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்த பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. அதனாலேயே, தேறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. 2018இல் போட்ட அரசாணைப்படி, தகுதித் தேர்வில் தேறியவர்கள் அரசுப் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தத் தேர்வு இல்லை. அவர்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வு. பாடத்துக்கு 110, கல்வி முறையியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. பாடத்தில் புலிகளாக இருப்பவர்கள் அந்த முப்பதை "பி.எட்.ல படிச்சதுதானே" என்று தள்ளிவைப்பார்கள். பட்டியலில் பெயர் விடுபட்ட பிறகு பார்த்தால் கோட்டை விட்டது அங்கேதான் இருக்கும். இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்று படித்தவர்கள் பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே அறிவிக்கையில் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம்; பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேற வேண்டும். தலைமை ஆசிரியர் கனவு இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அதிகாரியாக வேண்டும் என்பவர்களிடமும் ஒரு குழப்பத்தைப் பார்க்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலர் தேர்வை நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம். மாவட்டக் கல்வி அலுவலர் நேரடி நியமனம் டிஎன்பிஎஸ்சியின் குரூப் 1சி வழியாக. வாசலே வேறு. ஒரு பையன் மூன்று வருடம் தவறான வாரியத்தின் இணையதளத்தைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும், படித்த ஒவ்வொரு இடத்திலும் சான்று வாங்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு, முதல் வகுப்பு படித்த பள்ளியைத் தேடிக்கொண்டு போனால் அங்கே பள்ளியே இருக்காது, கல்யாண மண்டபம் இருக்கும். இப்போதே வாங்கி வையுங்கள்.

## அசல் சான்றிதழ்

நிர்வாகத்திடம் கொடுக்காதீர்கள். பார்க்கட்டும், நகல் எடுக்கட்டும், அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

## இளம் வயதில் பதவியை வாங்கிக்கொண்டு வகுப்பை விடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன். பொறுமை இருந்தால் கொஞ்சம் நீளமாகக் கேளுங்கள்.

2006 ஜூனில் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். வாரத்துக்கு 28 பீரியட். தொண்டை வற்றிப் போகும், சேலையெல்லாம் சாக்பீஸ் தூள், ஆனாலும் பிடித்திருந்தது. அப்போது ப்ளஸ் டூவில் பாடத்துக்கு 200 மதிப்பெண். 2010 ரிசல்ட்டில் என்னிடம் படித்த மூன்று பிள்ளைகள் இயற்பியலில் 200க்கு 200. அந்த ஊரில் 'சென்டம்' என்றால் கோயில் திருவிழா மாதிரி. பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அடுத்த நாள் தாளாளர் கூப்பிட்டு ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்தார். "நாளையிலிருந்து நீங்கதான்ம்மா அகாடமிக் கோஆர்டினேட்டர்" என்றார். சம்பளத்தில் 1,500 ரூபாய் கூட. தனி அறை, சுழலும் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. எனக்கு 27 வயது. வீட்டுக்குப் போன் செய்து அழுதேன், சந்தோஷத்தில்.

முதல் வருடம் பீரியட் பன்னிரண்டாகக் குறைந்தது. இரண்டாம் வருடம் ஐந்து. மூன்றாம் வருடம் ஒன்றுமில்லை. என்ன வேலை பார்த்தேன் என்று கேளுங்கள். காலையில் யார் லீவு என்று பார்த்து சப்ஸ்டிட்யூஷன் போடுவது. பாடக்குறிப்பு நோட்டில் பச்சை மையால் கையெழுத்து. மாதத் தேர்வு மதிப்பெண்ணை எக்செல்லில் ஏற்றுவது. ஃபீஸ் பாக்கி வைத்தவர்களுக்குப் போன். ஏப்ரல் வந்தால் அட்மிஷனுக்கு ஊர் ஊராக நோட்டீஸ். மழைக்காலத்தில் வேன் எந்தத் தெருவில் சிக்கியிருக்கிறது என்று டிரைவரோடு பேச்சு. இதில் எதிலுமே பாடம் இல்லை, பிள்ளையும் இல்லை.

அறை இருந்தது, மரியாதை இல்லை. நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை 24 வருடம் சர்வீஸ் போட்ட தமிழ் ஐயாவிடம், "செய்யுள் பகுதியை இன்னும் ஆக்டிவிட்டியா கொண்டு போகலாமே ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "சரிங்கம்மா. நீங்க ஒன்பதாம் வகுப்பு சி பிரிவுக்கு ஒரு வாரம் போயிட்டு வாங்க. அப்புறம் நான் மாத்திக்கிறேன்" என்றார். நான் போகவில்லை. போக பயமாக இருந்தது என்பதே உண்மை.

2016இல் வேறு மாவட்டத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் துணை முதல்வர் பதவிக்கு அழைப்பு வந்தது. பத்து வருட அனுபவம் கையில் இருக்கிறதே என்று நம்பிக்கையாகத்தான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற முதல்வர், வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். அனுபவச் சான்றை இரண்டு முறை படித்தார். முதுகலை ஆசிரியராக ஐந்து வருடம் கேட்டிருந்தார்கள். என் சான்றில் '2006–2010 முதுகலை ஆசிரியர், 2010–2016 ஒருங்கிணைப்பாளர்' என்று இருந்தது. பத்து வருடத்தில் செல்லுபடியானது நான்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் நான் எடுத்த பன்னிரண்டு பீரியடும் ஐந்து பீரியடும் எந்தத் தாளிலும் இல்லை.

இருந்தாலும் பெரியவர் நல்லவர், மாதிரி வகுப்பு ஒன்று எடுங்கள் என்றார். பதினொன்றாம் வகுப்பு, 20 நிமிடம், நியூட்டனின் மூன்றாம் விதி. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுகிற பாடம். பலகையில் படம் போட்டேன், விதியைச் சொன்னேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேம், குதிரை வண்டியை எவ்வளவு இழுக்குதோ அதே அளவு வண்டியும் குதிரையைப் பின்னால இழுக்குதுன்னா, ரெண்டும் எப்படி நகருது?"

2009இல் இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். இரண்டு பையன்களை எழுப்பி, ஒருவனுக்கு ரப்பர் செருப்பு, ஒருவனுக்கு வெறும் சாக்ஸ் போடவைத்துக் கயிறு இழுக்க விடுவேன். அன்று வாய் என்ன சொன்னது தெரியுமா? "அந்த ரெண்டு விசையும் வேற வேற பொருள் மேல செயல்படுது, அதனால ஒண்ணையொண்ணு சமன் செய்யாது." தவறில்லை. ஆனால் அது புத்தகத்து வரி. அந்தப் பெண் "ஓகே மேம்" என்று உட்கார்ந்தாள். புரியாதபோது பிள்ளைகள் சொல்லும் 'ஓகே' எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே வராந்தாவில் பெரியவர் என்னோடு நடந்து வந்தார். "குதிரை எதை உதைச்சு நகருது? தரையை மறந்துட்டீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான். தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

அதே வருடம் இன்னொரு பள்ளியில் சாதாரண முதுகலை ஆசிரியராகச் சேர்ந்தேன். வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைவிட 4,000 ரூபாய் குறைவு. 33 வயதில், 24 வயதுப் பெண்களோடு ஒரே மேசையில். முதல் மூன்று மாதம் தினமும் இரவு பத்து மணிக்கு மேல் கணக்குப் போட்டுப் பழகினேன். ஐந்து வருடம் கழித்துத் துணை முதல்வர், 2023இல் முதல்வர்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது எங்கே என்றால், நிர்வாகங்கள் இதை இன்னும் செய்கின்றன, பிள்ளைகள் இன்னும் விழுகிறார்கள். நிர்வாகத்தின் கணக்கு எளிது. இருபது வருட அனுபவமுள்ளவரை அந்த வேலைக்கு வைத்தால் சம்பளம் இரண்டு மடங்கு, போதாக்குறைக்கு எதிர்த்தும் பேசுவார். 26 வயதுக்காரர் எதற்கும் தலையாட்டுவார். பெயர்ப்பலகைக்கு ஆகிற செலவு சில நூறு ரூபாய். அதில் அவர்களும் ஏமாறுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை: நன்றாகப் பாடம் எடுக்கிறாள் என்று ஒருத்தியைத் தூக்கி, பாடம் எடுக்காத இடத்தில் உட்கார வைக்கிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பை விட்ட வருடம் இயற்பியலில் ஒரு சென்டம்கூட வரவில்லை. அதற்கு என்னிடமே விளக்கம் கேட்டார்கள்.

உங்களைக் கூப்பிட்டுப் பதவி தருகிறேன் என்றால் மூஞ்சியில் அடித்தாற்போல வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று விஷயம் கேளுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 12 பீரியட். அதில் பொதுத்தேர்வு வகுப்பு ஒன்றாவது உங்கள் பெயரில். ஆணையில் பதவிப் பெயர் 'முதுகலை ஆசிரியர், இயற்பியல்' என்றே இருக்கட்டும், ஒருங்கிணைப்பாளர் என்பது 'கூடுதல் பொறுப்பு' என்று கீழே வரட்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒரு வரிதான். கூடவே ஒவ்வொரு ஜூனிலும் உங்கள் கால அட்டவணை நகலில் முதல்வரின் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போட்டுவையுங்கள். இதைச் செய்கிற ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

வகுப்பை விடாமலே நிர்வாகம் கற்க நிறைய வழி உண்டு. தேர்வுப் பொறுப்பு, ஆய்வகப் பொறுப்பு, சாரணர் இயக்கம், எமிஸ் எனும் அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு. எல்லாவற்றையும்விட நல்லது கால அட்டவணை போடுவது. ஒரு மே மாதம் போட்டுப் பாருங்கள். ஒரே பி.டி. சாருக்கு 18 பிரிவு, மைதானம் ஒன்று. கணக்கு எல்லோருக்கும் காலையில் வேண்டும். கம்ப்யூட்டர் லேபில் 20 இருக்கைதான். பச்சைக் குழந்தை வைத்திருக்கிற டீச்சருக்கு முதல் பீரியட் போடக்கூடாது. யார் உண்மையில் வேலை செய்கிறார், யார் பெயருக்கு இருக்கிறார், பள்ளியின் பணம் எங்கே இறுக்கமாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் தெரிந்துவிடும்.

எத்தனை வருடம் முழுநேரம் வகுப்பில் இருக்க வேண்டும் என்று கேட்டால் எட்டு என்பேன். ஏழாம் வகுப்பில் நீங்கள் எடுத்த பிள்ளை பன்னிரண்டு முடித்துப் போவதைப் பார்த்துவிடலாம், அப்புறமும் இரண்டு வருடம் மிச்சம். பாடநூல் எழுதப் போகிறவர்கள், சிறப்புக் கல்வி பக்கம் போகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

## எம்.எட்.

பள்ளி முதல்வராக அது கட்டாயம் இல்லை. பி.எட். கல்லூரியில் கற்பிக்க ஆசை என்றால் படியுங்கள்.

## கையில் காசாகச் சம்பளம் வாங்குவது

தனியார் பள்ளிகளில் பலர் இதைச் சலுகையாக நினைக்கிறார்கள். "பிஎஃப் பிடிக்க மாட்டாங்க, முழுசா வரும்." 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் வருங்கால வைப்புநிதி சட்டப்படி உண்டு. உங்கள் பங்கு 12 சதவீதம், நிர்வாகம் போடுவதும் 12 சதவீதம். சேமிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் எந்த மாதத்தில் எங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு, எந்தத் தாளாளரின் மனநிலையையும் நம்பியிராத சாட்சி அந்தப் பாஸ்புக். பள்ளியே கைமாறிப் போனாலும், சான்று தர மாட்டேன் என்றாலும், அது பேசும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியர்களுக்குக் கிடையாது என்று இன்னும் சில அலுவலகங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். 2009இல் சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் சேர்த்தார்கள், 1997லிருந்தே செல்லும்படி. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 என்றால் வருடத்துக்கு 15,000 வீதம், ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். நான்கரை வருடத்தில், பக்கத்துப் பள்ளியில் மாதம் ஆயிரம் கூடத் தருகிறார்கள் என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

மே மாதச் சம்பளம் உண்டா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். ஏப்ரலில் கேட்டால் சிரிப்பார்கள்.

## அதிகாரம் இல்லாத நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது

முதல்வர் ஆணை கையில் வந்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதற்கு முன் தாளாளரிடம் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஆசிரியர் தேர்வில் என் வார்த்தை எவ்வளவு தூரம் செல்லும்? பாதி வருடத்தில் ஒரு ஆசிரியரை நீக்கினால் எனக்கு முன்கூட்டியே தெரியுமா? மாற்றுச் சான்றிதழைக் கேட்ட உடனே நான் கொடுக்கலாமா, ஃபீஸ் கவுண்டரைக் கேட்க வேண்டுமா?

கடைசிக் கேள்வி சின்ன விஷயம் இல்லை. டி.சி.யில் கையெழுத்து உங்களுடையது. வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு உடனே தர வேண்டும், தாமதித்தால் தலைமை ஆசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. தாமதிக்கச் சொல்பவர் வேறொருவர், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அதைவிடக் கடுமையானது போக்சோ, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்துக்குப் பொறுப்பானவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. "மேனேஜ்மென்ட்ல பேசிக்கலாம், ஸ்கூல் பேர் கெட்டுடும், பொண்ணோட எதிர்காலம் பாருங்க" என்று மூன்று பக்கத்திலிருந்தும் சொல்வார்கள். பெற்றோரே சொல்வார்கள். இரவு எட்டரை மணிக்கு அப்படி ஓர் அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் நான்கு பேர், மேசையில் யாரும் தொடாத காபி. அப்போது போனை எடுக்க முடியாது என்று தோன்றுகிறவர்கள் இந்தப் பதவிக்கு வர வேண்டாம். எவ்வளவு நல்ல டீச்சராக இருந்தாலும் சரி.

## பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரவில் பதில் எழுதுவது

காலையில் எழுதுங்கள்.

## அந்தத் தம்பி

மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னோம். சுமாருக்கும் மேலே. குரல் நன்றாக இருந்தது, பலகையில் எழுத்து சாய்ந்து சாய்ந்து போனது. வாரத்துக்கு 26 பீரியட், பதவிப் பெயர் கிடையாது, முன்பு வாங்கியதைவிட 2,000 ரூபாய் குறைவு என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் டைம் கேட்டுப் போனார்.

மூன்றாம் நாள் போன். "வர்றேன் மேம். லேப் இன்சார்ஜாவது குடுப்பீங்களா?"

கொடுத்தேன். எங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடு இரண்டு வருடமாகச் சரிபார்க்கப்படாமல் கிடந்தது, வேறு யாரும் அந்தப் பக்கம் போகத் தயாராக இல்லை. ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தரையில் செய்தித்தாளை விரித்து, வெர்னியர் அளவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு குறைகிறதாம்.